குடிக்காமல் போன டீ

2020 அக்டோபர் 12 அன்று ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அரசு ஊழியர்களைச் செலவழிக்க வைப்பதற்கென்றே ஒரு திட்டத்தை அறிவித்தார். கொரோனாவால் விடுமுறைப் பயணச் சலுகையைப் பயன்படுத்த முடியாதவர்கள் அதைப் பணமாக வாங்கிக்கொள்ளலாம். சும்மா வாங்கிவிட முடியாது. பயணக் கட்டணத்தைப்போல மூன்று மடங்கு தொகைக்கு எதையாவது வாங்க வேண்டும். வாங்குவது 12 சதவீதமோ அதற்கு மேலோ ஜிஎஸ்டி உள்ளதாக இருக்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவுள்ள கடையில் வாங்க வேண்டும். ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. எல்லாம் 2021 மார்ச் 31க்குள் முடிய வேண்டும். கூடவே பண்டிகை முன்பணமாக வட்டியில்லாத 10,000 ரூபாய், அதுவும் ரூபே அட்டையில்.

செலவழியுங்கள் என்று ஓர் அரசு தன் ஊழியர்களைக் கேட்டுக்கொள்வதில் தவறொன்றும் இல்லை. அதற்கு ஆறு வாரம் முன்னால்தான், ஆகஸ்ட் 31 அன்று, ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டின் கணக்கு வெளியாகியிருந்தது. ஜிடிபி 23.9 சதவீதம் சரிவு. தனியார் நுகர்வு, அதாவது நாம் எல்லோரும் சோற்றுக்கும் துணிக்கும் பஸ்ஸுக்கும் செலவழிப்பது, 26.7 சதவீதம் சரிவு. நாட்டின் பொருளாதாரத்தில் பாதிக்கு மேல் இந்த நுகர்வுதான். அது எழுந்தால்தான் மற்றது எழும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். என் கண்ணில் பட்டது அந்த 12 சதவீத நிபந்தனை. ஃப்ரிட்ஜ் வாங்கினால் செல்லும். செல்போன் செல்லும், சோபா செல்லும். ஏசி போட்ட சலூனில் முடி வெட்டிக்கொண்டு பில் வாங்கினால் அதுகூடச் செல்லும். தெருமுனை சலூனில் வெட்டிக்கொண்டால் செல்லாது. டீ செல்லாது, கீரை செல்லாது. மல்லிகைப் பூவுக்கு ஜிஎஸ்டியே கிடையாது என்பது மதுரையில் பிறந்த அமைச்சருக்குத் தெரியாமல் இருக்காது. பூ செல்லாது.

வரி வருமானத்தை மனதில் வைத்துப் போட்ட நிபந்தனை அது. ஆனால் வேறொரு காரியத்தையும் அது செய்துவிட்டது. திரும்பி வரக்கூடிய செலவை மட்டும் பெயர் சொல்லி அழைத்தது. மார்ச்சில் வாங்க நினைத்த வாஷிங் மெஷினை அக்டோபரில் வாங்கலாம். கடைக்காரருக்கு ஏழு மாதத் தாமதம், கடன் வாங்கிச் சரக்கு எடுத்திருந்தால் ஏழு மாத வட்டி, அவ்வளவுதான். வியாபாரம் அவரிடம் வந்து சேர்ந்துவிடும். மார்ச் 25ஆம் தேதி காலை பதினொரு மணிக்குக் குடித்திருக்க வேண்டிய டீயை அக்டோபரில் யாரும் சேர்த்துவைத்துக் குடிப்பதில்லை. ஆறு மாதம் வெட்டாத தலைக்கும் ஒரே கூலிதான். அந்த ஒரு வெட்டுக்கும் 2020 ஜூனில் பெயர், முகவரி, போன் நம்பர், ஆதார் எண் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று தமிழக அரசு உத்தரவு போட்டிருந்தது. வங்கிக் கணக்கு திறப்பதற்கு ஈடான சடங்கு.

மார்ட்டின் பெராஹா, கிறிஸ்டியன் வுல்ஃப் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அமெரிக்கப் புள்ளிவிவரங்களை வைத்து இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். கார், ஃப்ரிட்ஜ் போன்ற நீடித்து உழைக்கும் பொருட்களின் விற்பனை விழுந்து வரும் மந்தம் சீக்கிரம் நிமிரும். தள்ளிப்போட்டவர்கள் ஒருநாள் வந்தே தீருவார்கள். சேவைகளில் செலவு விழுந்து வரும் மந்தம் அப்படி நிமிராது. சாப்பிடாத ஓட்டல் சாப்பாட்டுக்குத் தேங்கி நிற்கும் தேவை என்று எதுவும் கிடையாது. வழக்கமாக ஒரு மந்தம் வரும்போது மக்கள் முதலில் நிறுத்துவது பெரிய பொருட்களை. டீயை யாரும் நிறுத்த மாட்டார்கள். கொரோனாதான் வரிசையைத் தலைகீழாக்கியது. முதல் அடி டீக்கடைக்கும் சலூனுக்கும் பஸ்ஸுக்கும் கல்யாண மண்டபத்துக்கும். டிவி கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டுக் காத்திருக்க முடிந்தது.

குடிக்காத டீயின் காசு எங்கே போனது என்று பார்த்தால் கதை இன்னும் விளங்கும். ஒரு நாளைக்கு இரண்டு டீ, ஒரு டீ 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆறு மாதத்துக்கு 3,600 ரூபாய். இருபது பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகத்துக்கு 72,000. மாதச் சம்பளம் நிற்காதவர்கள் வீட்டில் அந்தக் காசு தங்கிவிட்டது. கொஞ்சம் டீத்தூளுக்கும் பால் பாக்கெட்டுக்கும் போயிருக்கும். அந்த நாட்களில் மளிகைக் கடையும் பால் பூத்தும் நன்றாகத்தான் ஓடின. ஊரடங்கின் முதல் இரண்டு மாதங்களில் பார்லே-ஜி பிஸ்கட் எண்பது ஆண்டுகளில் இல்லாத விற்பனையைக் கண்டதாக அந்த நிறுவனமே சொன்னது. மிச்சம் வங்கியில் கிடந்தது. ரிசர்வ் வங்கியின் முதல் மதிப்பீட்டின்படி 2020 ஏப்ரல் - ஜூன் காலாண்டில் குடும்பங்களின் நிதிச் சேமிப்பு ஜிடிபியில் 21 சதவீதம். அடுத்த காலாண்டில் 10.4 சதவீதம், அதற்கடுத்து 8.2 சதவீதம். கடைகள் திறக்கத் திறக்க அந்தப் பணம் வெளியே வந்தது. ஆனால் எந்தக் கடையிலிருந்து மிச்சமானதோ அந்தக் கடைக்கு அது போகவில்லை. டீக்கடைக்குப் போகாமல் நின்ற 72,000 ரூபாய், டிவியாகவும் பிள்ளையின் ஆன்லைன் வகுப்புக்கு செல்போனாகவும் மாறியது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எல்லாம் அரசு சொன்னபடி வீட்டில் இருந்ததன் விளைவு.

மேற்கு மாம்பலத்தில் எனக்குப் பழக்கமான ஒரு டீக்கடை. 2020இல் பார்சலுக்கு மட்டும் அனுமதி வந்தபோது, வாசலில் இரண்டு ஸ்டூல்களை வைத்துக் குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். கண்ணாடி கிளாஸ்கள் கவிழ்த்தபடி அலமாரியில் இருந்தன. வடைத் தட்டில் வடை இல்லை, சானிடைசர் பாட்டில் இருந்தது. பார்சல் டீ என்பது வீட்டுக்கு வாங்கிப் போகிறவர்களுக்கானது. ஒரு கவர், ஒரு ரப்பர் பேண்ட், நாலு பேப்பர் கப். டீக்கடையின் வருமானம் அதில் இல்லை. நின்றுகொண்டு குடிக்கிறவன்தான் வாடிக்கையாளர். அவன் டீயோடு ஒரு வடை எடுப்பான், பேச்சு நீண்டால் இன்னொரு டீ சொல்வான், கூட வந்தவனுக்கும் அவனே காசு கொடுப்பான். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு மீட்டர் இடைவெளியில் நிற்கிறவன் கவரை வாங்கியதும் கிளம்பிவிடுவான்.

"எப்படிப் போகுது மாஸ்டர்?" என்றேன்.

"முன்னாடி காலைல மட்டும் இருபது லிட்டர் பால் சார். இப்ப நாளெல்லாம் சேர்த்து நாலு லிட்டர் ஓடுனா பெருசு. வாடகை மட்டும் இருபது லிட்டர் கணக்குலயே நிக்குது."

எல்லாச் சிறு கடைகளின் கொரோனா வரலாற்றையும் அந்தக் கடைசி வாக்கியத்தில் அடக்கிவிடலாம். வரவு தினசரி, செலவு மாதாந்தரம். தினசரி வரவு ஒவ்வொரு நாளும் செத்துக்கொண்டிருந்தது. வாடகை, பள்ளிக் கட்டணம், குழுக் கடன் தவணை எல்லாம் சாகாமல் சேர்ந்துகொண்டிருந்தன. ரிசர்வ் வங்கி மார்ச் 27 அன்று கடன் தவணைகளுக்கு மூன்று மாத அவகாசம் கொடுத்தது. பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. தவணை நின்றதே தவிர வட்டி ஓடியது. தண்டல்காரரிடம் வாங்கியவர்களுக்கு அந்த அவகாசமும் இல்லை. ஜூன் மாதம் சாலையோர வியாபாரிகளுக்காகப் பிரதமரின் ஸ்வநிதி திட்டம் வந்தது. 10,000 ரூபாய் கடன், ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் 7 சதவீத மானியம். கந்து வட்டியோடு ஒப்பிட்டால் நல்ல திட்டம்தான். ஆனாலும் அது கடன். விற்காமல் போன நாட்களின் இழப்பை, இனி விற்கப்போகும் நாட்களிலிருந்து அடைக்கச் சொல்லும் ஏற்பாடு. வாஷிங் மெஷின் வியாபாரிக்கு அது பொருந்தும். அவருடைய பழைய விற்பனை வரப்போகும் நாட்களில் காத்துக்கொண்டிருக்கிறது. டீக்கடைக்கு வரப்போகிற நாட்களில் வரப்போகிற டீ மட்டும்தான்.

பூவை எடுத்துக்கொண்டால் இன்னும் கறாராகத் தெரியும். டீத்தூளாவது நாளைக்கும் இருக்கும். உதிரிப்பூவை விடியற்காலையில் எடுத்து, வாழை நாரில் கட்டி, முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அளந்து விற்று, இருட்டுவதற்குள் தீர்க்க வேண்டும். மிஞ்சியது குப்பை. கோயம்பேட்டில் காலையில் 900 ரூபாய் கடன் வாங்கி மாலையில் 1,000 திருப்பிக் கொடுக்கும் பழக்கம் இந்தப் பூவை நம்பித்தான் நடந்தது. 2020 மே முதல் வாரத்தில் கோயம்பேடு மொத்தமாக மூடப்பட்டது. காய்கறிச் சந்தை திருமழிசைக்குப் போனது. செப்டம்பர் 28க்குப் பிறகுதான் படிப்படியாகத் திரும்பியது. கோயில்கள் மூடியிருந்தன, கல்யாணங்கள் சுருங்கியிருந்தன. நிலக்கோட்டையிலும் சத்தியமங்கலத்திலும் செடியிலேயே பூ வாடியது. பறித்ததை சென்ட் ஃபேக்டரிக்குக் கிடைத்த விலைக்குத் தள்ளினார்கள். பூச்செடிக்கு ஊரடங்கு தெரியாது. பறிக்காமல் விட்டால் அடுத்த மொட்டு வராது என்பதால் காசு கொடுத்துப் பறித்துக் கொட்டியவர்களும் உண்டு.

இரண்டாம் அலை முடிந்து 2021இல் எல்லாம் திறந்த பிறகு நடந்தது இதைவிடக் கொடுமை. ஆகஸ்டிலிருந்து வெள்ளி, சனி, ஞாயிறுகளில் கோயில்களில் பக்தர்களுக்கு அனுமதி இல்லை என்றது அரசு. கூட்டம் சேரக் கூடாது என்பது காரணம், நியாயமான காரணம்தான். ஜவுளிக்கடை ஏழு நாளும் திறந்திருந்தது. மாநிலத்தின் நுகர்வு மீண்டுகொண்டிருப்பதாகப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. கோயில் வாசலில் பூ விற்பவருக்கு வாரத்தில் வியாபாரம் நடக்கும் நாளே வெள்ளியும் ஞாயிறும்தான். ஆடி வெள்ளி போயிற்று, ஆவணி ஞாயிறு போயிற்று, புரட்டாசி சனி போயிற்று. அக்டோபர் 14 அன்று, விஜயதசமிக்கு முந்தின நாள், தடையை எடுத்தார்கள். தடை இருந்த நாட்களில் கோயில் வாசலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வியாழக்கிழமை பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம், நாளைக்கும் சேர்த்து இன்றைக்கே ஜனங்கள் வாங்கிப்போக மாட்டார்களா என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழம பூவ வியாழக்கிழம வாங்கி வெச்சு இன்னா கண்ணு பண்ணுவாங்க?" என்றார்.

கையில் தங்காத இந்தச் செலவுகளுக்கு நேரெதிர்த் துருவம் தங்கம். இந்தியாவில் 2019இல் விற்ற தங்கம் 690 டன். 2020இல் 446 டன்னாக விழுந்தது. 2021இல் 797 டன்னாக எழுந்தது என்கிறது உலகத் தங்க கவுன்சிலின் கணக்கு. 2020இல் விழுந்ததில் பாதிக்குச் சற்றுக் குறைவானதை 2021 ஈடுகட்டியது எனலாம். தள்ளிப்போட்ட கல்யாணங்கள் நடந்தன. கல்யாணத்துக்கு 50 பேர் என்று அரசு வைத்த வரம்பு, செலவைக் குறைக்கவில்லை, திசை மாற்றியது. ஆயிரம் இலை போட வேண்டிய வீட்டில் 50 இலை. மீந்த தொகையில் பெண்ணுக்கு இன்னும் ஐந்து சவரன். பெற்றவர்களுக்கு அதில் உள்ளூர ஒரு திருப்திகூட. பந்திக்குக் கொட்டுவதைப் பெண் கழுத்தில் போட்டால் நிற்குமே என்று காலங்காலமாகச் சொல்லிவந்தவர்கள்தானே. சமையல் காண்ட்ராக்டரும், அவர் கூட்டிவரும் பரிமாறும் பையன்களும், காய் நறுக்க வரும் பெண்களும், நாதஸ்வரக்காரரும், பந்தல்காரரும் அந்தத் திருப்திக்கு வெளியே நின்றார்கள். 2020 ஜூனில் 50 பேரோடு நடந்துவிட்ட கல்யாணத்துக்கு 2022இல் யாரும் திரும்பப் பந்தி போடவில்லை. வளைகாப்புக்குக் கொஞ்சம் பெரிதாகச் செய்தவர்கள் உண்டு.

அதே தங்கம் எதிர்த்திசையிலும் போனது. ஊருக்கு ஊர் பஜார் தெருவில் கீழே நகைக்கடையும் மாடியில் நகைக்கடன் அலுவலகமும் இருக்கும் கட்டடங்களைப் பார்க்கலாம். 2020 ஆகஸ்டில் சென்னையில் சவரன் விலை 43,000 ரூபாயைத் தாண்டியபோது, ரிசர்வ் வங்கி வங்கிகளின் நகைக்கடன் வரம்பை நகை மதிப்பில் 75 சதவீதத்திலிருந்து 90 சதவீதமாக உயர்த்தியது. 2021 மார்ச் 31 வரை. கையில் காசில்லாதவர்களுக்கு அது உதவிதான். மாடிப்படியில் வரிசை. கம்மல், தாலிச்செயின், குழந்தைக்குப் போட்ட அரைஞாண்வரை போயின. அந்தப் பணம் அரிசியாக, பள்ளிக் கட்டணமாக, கடை வாடகையாக வெளியே வந்தபோது அதுவும் நுகர்வு என்றுதான் கணக்கில் ஏறியது. பிறகு விலை இறங்கி, மார்ச்சில் சவரன் 34,000க்குக் கீழே வந்தது. ஆகஸ்டில் உச்ச விலைக்கு வைத்த நகைக்கு, மீட்க வேண்டிய தொகை நகையின் விலைக்கு மேலே நின்றது. செய்தித்தாள்களில் ஏல அறிவிப்புகள் பக்கம் பக்கமாக வந்தன. கீழ்த்தளத்தில் 797 டன்னில் ஒரு பகுதி விற்றுக்கொண்டிருந்த அதே ஆண்டில்தான் இதுவும்.

தி.நகரின் 2020 தீபாவளிக் கூட்டத்தைப் பலர் மீட்சியின் அடையாளமாகச் சொன்னார்கள். ரங்கநாதன் தெருவின் மேலிருந்து எடுத்த படங்கள்; தலைகளைத் தவிர வேறெதுவும் தெரியாத அந்த வழக்கமான படம்தான், தலைக்குக் கீழே கொஞ்சம் முகக்கவசம். எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தபோது தோன்றியது, மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து யாரும் வரவில்லையே என்பதுதான். நவம்பர் 14 தீபாவளி. புறநகர் மின்சார ரயிலில் பெண்களை நெரிசல் இல்லாத நேரத்தில் அனுமதித்தது நவம்பர் 23. பொதுமக்கள் எல்லோரையும் அதே நிபந்தனையோடு அனுமதித்தது டிசம்பர் 23. திருவள்ளூரிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் பத்திருபது ரூபாய் டிக்கெட்டில் வந்து இறங்கி, நைட்டியும் பிள்ளைகளுக்கு ரெடிமேடும் ஹேர்பின்னும் பிளாஸ்டிக் குடமும் வாங்கிக்கொண்டு போகிற கூட்டம் அந்தத் தீபாவளிக்கு வரச் சிரமப்பட்டது. வந்த கூட்டத்தில் காரிலும் டூவீலரிலும் வந்தவர்கள் அதிகம். பெரிய கடைகளின் பில் தொகையில் அது தெரியாது. பத்துப் பேர் 500 ரூபாய்க்கு வாங்கினாலும் ஒருவர் 5,000 ரூபாய்க்கு வாங்கினாலும் கல்லாவுக்கு ஒன்றுதான். நடைபாதையில் கர்ச்சீப் விற்பவருக்கும் சுண்டல் விற்பவருக்கும் அது ஒன்றல்ல.

இதுவரை சொன்னதை வைத்து, தள்ளிப்போடக்கூடிய பொருள் விற்றவர்கள் எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள் என்று நினைத்தால் டூவீலர் கணக்கு இடிக்கும். மோட்டார் சைக்கிளைப்போலத் தள்ளிப்போடத் தோதான பொருள் வேறில்லை. ஆனால் 2018-19இல் 2.1 கோடிக்கு மேல் விற்ற டூவீலர்கள் 2021-22இல் சுமார் 1.35 கோடிதான், பத்து ஆண்டுகளில் மிகக் குறைந்த விற்பனை. அதே 2021-22இல் கார் வகை வாகனங்கள் 30 லட்சத்தைத் தாண்டி, கொரோனாவுக்கு முந்தின ஆண்டைவிட அதிகமாக விற்றன. பெட்ரோல் விலை, புதிய மாசு விதிகளால் ஏறிய வண்டி விலை, இன்சூரன்ஸ் என்று டூவீலர் சரிவுக்குக் காரணங்கள் பல சொல்வார்கள்; கொரோனாவுக்கு முன்பே சரிவு தொடங்கிவிட்டது என்பதும் உண்மை. ஆனாலும் டூவீலர் வாங்குகிறவர் யார் என்று பார்க்க வேண்டும். டெம்போ டிரைவர், சமையல் காண்ட்ராக்டரிடம் வேலை பார்க்கும் பையன், டீக்கடைக்காரரின் மகன். தள்ளிப்போட முடியாத செலவை நம்பிப் பிழைப்பவர்கள்தாம் தள்ளிப்போட்ட பொருளைக் கடைசிவரை வாங்க முடியாமல் போனவர்கள். அடுத்தவர் குடிக்காத டீ, இவர் வாங்காத வண்டியாகி நின்றது.

2022 மே 31 அன்று வந்த மதிப்பீட்டில் 2021-22இன் ஜிடிபி கொரோனாவுக்கு முந்தின 2019-20ஐவிட 1.5 சதவீதம் மேலே போயிருந்தது. மீண்டுவிட்டோம் என்றார்கள், சரியாகத்தான் சொன்னார்கள். அதே அட்டவணையில் வணிகம், ஓட்டல், போக்குவரத்து, தகவல் தொடர்பு என்று ஒரே வரியில் கட்டியிருக்கும் துறை மட்டும் 2019-20இன் அளவுக்குச் சுமார் 11 சதவீதம் கீழே கிடந்தது. அந்த 11 சதவீதமும் முழு உண்மையாக இருக்க வாய்ப்பில்லை. பதிவில்லாத சிறு கடைகள் எவ்வளவு சம்பாதித்தன என்பதை இங்கே ஆண்டுதோறும் எண்ணிப் பார்ப்பதில்லை. என்றோ எடுத்த கணக்கெடுப்பின் அளவை, பதிவுள்ள துறைகளின் போக்கை வைத்து நீட்டிப் போடுவதே நெடுங்கால வழக்கம். பெரிய கடை வளர்ந்தால் சின்னக் கடையும் வளர்ந்திருக்கும் என்ற நம்பிக்கை. பெரிய கடை சின்னக் கடையின் வாடிக்கையாளரை எடுத்துக்கொண்டு வளர்ந்தாலும் கணக்கில் இரண்டும் வளர்ந்ததாகவே விழும்.

உண்மையில் எண்ணிப் பார்த்த கணக்கு 2024இல்தான் வெளியானது. நிறுவனமாகப் பதிவாகாத தொழில்கள், விவசாயம் தவிர்த்து. 2015-16இல் அப்படி 6.34 கோடி தொழில்கள், 11.13 கோடி பேருக்கு வேலை. 2021-22இல் 5.97 கோடி தொழில்கள், 9.79 கோடி பேர். இடையில் பணமதிப்பிழப்பும் ஜிஎஸ்டியும் வந்து போயின. பழியை கொரோனா ஒன்றின் தலையில் போட முடியாது. 2022-23இலும் வேலை செய்பவர்கள் 10.96 கோடிதான், ஏழு ஆண்டுகளுக்கு முந்தின எண்ணிக்கையைத் தொடவில்லை. அதன் பிறகு வந்த 2023-24 கணக்கெடுப்பில் தொழில்கள் 7.34 கோடியாகவும் ஆட்கள் 12 கோடிக்கு மேலும் ஏறிவிட்டன. எண்ணிக்கை திரும்பிவிட்டது. அதே ஆட்களா என்று அந்தக் கணக்கெடுப்பு கேட்பதில்லை, கேட்க முடியாது. எங்கள் பக்கத்தில் மூடிய மெஸ் இருந்த இடத்தில் இப்போது மொமோ கடை. எண்ணுகிறவருக்கு அது ஒரு கடைக்கு ஒரு கடை.

மேற்கு மாம்பலத்து டீக்கடை மூடவில்லை. கயிறு போய்விட்டது, வடை வந்துவிட்டது. கல்லாப் பக்கத்தில் கியூஆர் அட்டையும், காசு வந்ததும் அறிவிக்கிற பேசும் பெட்டியும் வைத்திருக்கிறார்கள். 2020 அக்டோபரில் மாதம் 200 கோடியைத் தாண்டிய யுபிஐ பரிவர்த்தனை ஒரே வருடத்தில் 400 கோடியைத் தாண்டியதில் இந்தக் கடைக்கும் பங்குண்டு. கிளாஸ் கழுவ இருந்த பையன் ஊருக்குப் போனவன் போனவன்தான், மாஸ்டரே கழுவுகிறார். விலை 10 ரூபாயிலிருந்து 12 ஆகி, 15 ஆகியிருக்கிறது. பால் விலையும் கேஸ் விலையும் ஏறியது பாதிக் காரணம். மீதிப் பாதி, விற்காமல் போன டீக்களின் கடன். அதை வேறு யாரிடம் வசூலிப்பது? வாஷிங் மெஷின் வாங்கியவர் டீயை வீட்டிலேயே போட்டுக்கொள்ளப் பழகிவிட்டார். வாரத்தில் இரண்டு நாள் அலுவலகம் போனாலும் அங்கே மெஷின் காபி இருக்கிறது. நின்று குடிக்க வருகிறவர்கள் மூட்டை தூக்குகிறவர்களும் ஆட்டோக்காரர்களும் கட்டட வேலைக்குப் போகிறவர்களும். விலை ஏறியதிலிருந்து அவர்களில் சிலர் டீ சொல்லும் விதம் மாறியிருக்கிறது.

"மாஸ்டர், ஒண்ணு போட்டு ரெண்டா ஊத்து."

மாஸ்டர் முகம் சுளிப்பதில்லை. ஒரு டீக்கு இரண்டு கிளாஸ் கழுவ வேண்டும், அவ்வளவுதான்.